வென்றார்கள், ஆனால் போகவில்லை

பெரிய காற்பந்துப் போட்டி எதுவானாலும், திடலில் பந்து உருளுவதற்கு முன்பே வாய்ச்சண்டை உருளத் தொடங்கிவிடும். நாலு நம்பருக்குக் கனவு காண்கிறவர்கள்கூட அந்த ஒரு மாதத்திற்குக் காற்பந்து ஜோசியர்களாகி விடுவார்கள். கிண்ணம் யாருக்கு, எந்த ஆட்டக்காரருக்குக் கால் சரியில்லை, எந்தக் குழுவுக்குள் என்ன சச்சரவு என்று ஒட்டுக்கடையிலும் லயத்து வாசலிலும் பேச்சு ஓயாது. வாசகர்களே, நீங்களும் பேசியிருப்பீர்கள்.

அத்தனை ஆருடங்களையும் பந்து உருளுமுன்பே வீணாக்கிய ஒரு போட்டி உண்டு. அது வேறு யாருடைய கதையும் அல்ல, நம்முடையது. 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக் காற்பந்துப் போட்டியைத்தான் சொல்கிறேன். இளையவர்கள் 2016இல் வந்த 'ஓலா போலா' படத்தில் இந்தக் கதையைப் பார்த்திருப்பீர்கள். படம் என்றால் கற்பனை கலக்கும், பெயர்கள் மாறும். உண்மையில் நடந்ததைக் கொஞ்சம் கேளுங்கள்.

மாஸ்கோவுக்குப் போக ஆசிய நாடுகளுக்குத் தகுதிச் சுற்று வைத்தார்கள். நம் பிரிவின் ஆட்டங்கள் கோலாலம்பூரிலேயே நடந்தன. தென் கொரியா, ஜப்பான், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், புருணை ஆகியவை எதிரே நின்றன. பயிற்றுநர் ஜெர்மானியரான கார்ல் ஹைன்ஸ் வைகாங். தற்காப்பில் சோ சின் ஆன், பக்கத்தில் சந்தோக் சிங். சோ சின் ஆனை ரசிகர்கள் 'தவுக்கே' என்றுதான் அழைப்பார்கள். சபாவிலிருந்து வந்த ஹசான் சானிக்கு 'லிப்பாஸ் கூடோங்' என்று பெயர். அவர் கால் வேகம் அப்படி. இன்னொரு சபாக்காரர் ஜேம்ஸ் வோங். கோல் கம்பத்தின் கீழே நம் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளை விரித்துப் பந்தைப் பிடிக்கும் அழகுக்காக அவரை 'ஸ்பைடர்மேன்' என்றார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர், சீக்கியர், சபாக்காரர் எல்லாரும் ஒரே சட்டையில் நின்ற குழு அது. வானொலியில் 'ஆறுமுகம்' என்ற பெயர் ஒலித்தபோது தோட்டத்து வீடுகளில் எத்தனை முகங்கள் மலர்ந்திருக்கும் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள்.

1980 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், மெர்டேக்கா அரங்கத்தில், கடைசி ஆட்டம். எதிரி தென் கொரியா. ஆட்டம் 1-1 என்று சமமாக நின்றது. முடியச் சில நிமிடங்களே இருந்தபோது ஜேம்ஸ் வோங் பந்தை வலைக்குள் தள்ளினார். 2-1. மலேசியா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றுவிட்டது!

இங்கேதான் மனத்தை உறுத்தும் விஷயம் இருக்கிறது. அந்தக் கோல் விழுவதற்கு முன்பே வானம் கறுத்துவிட்டது. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. ஒரு மாதத்திற்குள் படையைத் திருப்பாவிட்டால் மாஸ்கோ விளையாட்டைப் பகிஷ்கரிப்போம் என்று அமெரிக்க அதிபர் கார்ட்டர் 1980 ஜனவரி 20இல் கெடு வைத்தார். கெடு பிப்ரவரியில் தீர்ந்தது, படை திரும்பவில்லை. ஆகவே மெர்டேக்கா அரங்கத்தில் நம் பையன்கள் ஓடியபோது, பரிசு கைக்கு வருமா என்ற சந்தேகத்தையும் சுமந்துகொண்டுதான் ஓடினார்கள். சந்தேகம் மெய்யாயிற்று. மலேசியா மாஸ்கோ செல்லவில்லை. நம் இடம் இராக்குக்குப் போயிற்று.

நாம் மட்டுமல்ல. காற்பந்தில் தகுதி பெற்ற 16 குழுக்களில் ஏழு விலகின. மலேசியாவோடு அமெரிக்கா, அர்ஜெண்டினா, நார்வே, எகிப்து, கானா, ஈரான். சிங்கப்பூரும் ஒலிம்பிக்கைப் பகிஷ்கரித்தது. இந்தியா போயிற்று, ஹாக்கியில் தங்கமும் வென்றது. பிரிட்டனில் அரசாங்கம் வேண்டாம் என்று சொல்லியும் பல விளையாட்டாளர்கள் போனார்கள்.

முடிவு சரியா, தப்பா? ஒரு ஏழை நாட்டின்மேல் பெரிய வல்லரசு ஏறி மிதிக்கும்போது அதன் வீட்டு விருந்துக்குப் போவது எப்படி என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் படை ஆப்கானிஸ்தானை விட்டுப் போனது 1989 பிப்ரவரியில்தான். நம் ஆட்டக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்ததால் ஒரு டாங்கிகூட ஒரு நாள் முன்னதாகத் திரும்பவில்லை. கண்டனம் அரசாங்கங்களுடையது, விலை கொடுத்தவர்கள், வேறு வேலை பார்த்துக்கொண்டே காற்பந்து ஆடிய சாதாரண மனிதர்கள். எனக்கு இது இன்றும் கசக்கிறது.

சரி, போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த ஜோசியம் இன்றைக்கும் நடக்கிறது. தங்கம் வென்றிருப்போம் என்பது வெறும் ஆசைப் பேச்சு. அப்போது ஒலிம்பிக் காற்பந்தில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை. கம்யூனிஸ்ட் நாடுகளோ தங்கள் முதல்தர ஆட்டக்காரர்களையே தொழில்முறை சாராதவர்கள் என்று அனுப்பிவந்தன. 1952 முதல் 1980 வரை தங்கம் அவர்களைத் தாண்டி வெளியே போகவே இல்லை. மாஸ்கோவிலும் செக்கோஸ்லோவாக்கியா முதலிடம், கிழக்கு ஜெர்மனி இரண்டு, சோவியத் மூன்று, யுகோஸ்லாவியா நான்கு.

ஆனால் நமக்குப் பதிலாகப் போன இராக்கைப் பாருங்கள். கோஸ்டாரிகாவை 3-0 என வென்றது, பின்லாந்தோடு 0-0, யுகோஸ்லாவியாவோடு 1-1. கால் இறுதிக்கே போய்விட்டது. அங்கே கிழக்கு ஜெர்மனி 4-0 என்று வீட்டுக்கு அனுப்பியது. நாமும் கால் இறுதி வரை போயிருக்கலாம் என்று யாராவது சொன்னால் சிரிக்க வேண்டாம். 1972 மூனிக் ஒலிம்பிக்கில் மேற்கு ஜெர்மனியிடமும் மொரோக்கோவிடமும் தோற்றாலும், அமெரிக்காவை 3-0 என்று அடித்த நாடு இது.

தென் கொரியாவின் கதை வேறு மாதிரிப் போயிற்று. 1986 முதல் ஓர் உலகக் கிண்ணத்தையும் அது தவறவிடவில்லை; 2002இல் நான்காவது இடம். மலேசிய ஆண்கள் குழுவோ 1980க்குப் பிறகு 2024 பாரிஸ் வரை ஓர் ஒலிம்பிக்குக்கும் தகுதி பெறவில்லை.

சோ சின் ஆனாவது மூனிக்கில் ஆடியிருந்தார். ஆறுமுகத்துக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 1988 டிசம்பரில், 35 வயதில், சாலை விபத்தில் போய்விட்டார். 'ஓலா போலா' படத்தில் வரும் கோல் காவலரின் பெயர் முத்து. அந்தப் படத்தை மறுபடி போடும்போது தாத்தாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். முத்து பந்தைப் பிடிக்கும்போது அவர் யார் பெயரைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.