மாலை கட்டுபவரின் கணக்கு

கல்யாணத்துக்கான பத்திரிகை ஒரு மாதம் முன்பே அச்சாகிவிடும். பட்டுப் புடவை அதற்கும் முன்பே பீரோவுக்குள் வந்துவிடும். மாலையை மட்டும் முந்தின நாளுக்கு முன்னால் கட்ட முடியாது. பறித்த பிறகும் பூ உயிரோடு இருப்பதுதான் காரணம். வேரிலிருந்து வந்த தண்ணீரும் இலையிலிருந்து வந்த சர்க்கரையும் நின்றுபோகும், மூச்சு நிற்காது. இதழ்களில் மிச்சமிருக்கும் சர்க்கரையை எரித்துக்கொண்டே பூ விரியும், மணக்கும், வாடும். இந்தப் பயணத்தில் எந்த இடத்தில் பூ இருக்கும்போது தாலி ஏறும் என்று கணிப்பதுதான் மாலைக்காரரின் தொழில். நிறம் சேர்ப்பதும் குஞ்சம் வைப்பதும் அதற்கு அடுத்த வேலைகள்.

மல்லிகையை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை, திண்டுக்கல் பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலையிலேயே மொட்டைப் பறித்துவிடுகிறார்கள். அன்று சாயங்காலம் விரியப்போகிற, நன்றாகப் பருத்து வெளுத்த மொட்டுதான் வேண்டும். பச்சை மாறாத மொட்டைப் பறித்தால் அது விரியாமலே வாடிவிடும். மொட்டில் மணம் பெரிதாக இராது. மணம் தரும் லினலூல் போன்ற பொருள்களில் ஒரு பகுதி அப்போது சர்க்கரை மூலக்கூறுகளோடு பிணைந்து, ஆவியாக முடியாமல் கிடக்கிறது. பொழுது சாய்ந்து இதழ் பிரியும்போது பூவிலுள்ள நொதிகள் அந்தப் பிணைப்பை அறுக்கின்றன. மணம் காற்றில் ஏறுகிறது. காலையில் கூடையில் கமழாத பூ இரவில் வீட்டையே நிறைப்பது இதனால்தான்.

ஆகவே மல்லிக்கு உகந்த வேளை மாலை வரவேற்பு. காலை ஆறு மணி முகூர்த்தம் அதற்குத் தாமதமான நேரம். இரவெல்லாம் விரிந்து, மணத்தில் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டுத்தான் மணவறைக்கு வந்து சேரும். மணப்பெண்ணின் ஜடைக்கு மல்லிச் சரம் வைத்தே ஆகவேண்டும் என்றால், மொட்டாகவே தொடுத்து, ஈரத் துணியில் சுற்றி, ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில் போட்டு அதன் பொழுதைத் தள்ளிப்போடுகிறார்கள். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் விமானம் ஏறும் மல்லியும் இந்த உபாயத்தில்தான் போகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் பூவின் மூச்சு ஏறக்குறைய இரண்டு மூன்று மடங்கு வேகமாகும். மூச்சு விடும் பூ தானும் சூட்டைக் கக்கும். சாக்கில் திணித்த மல்லியின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள், கதகதப்பாக இருக்கும். முதலில் பழுப்பதும் அந்த நடுப்பகுதிதான்.

2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு இதழ் தடிப்பு, காம்பு நீளம். அந்தத் தடிப்பு வாடலைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. பனிக்காலத்தில் செடி மொட்டு விடுவது குறைந்துபோகும். தை பிறந்ததும் முகூர்த்தங்கள் வரிசைகட்டும். அந்த நாட்களில் கிலோ விலை ஆயிரங்களுக்குப் போவதற்கு வியாபாரியை மட்டும் திட்டிப் பயனில்லை.

முகூர்த்த மாலைக்கு உடம்பாக அமைவது பெரும்பாலும் சம்பங்கி. தடித்த இதழ், உறுதியான குழல், மொட்டாகவும் மலராகவும் ஒரே மாலையில் நிற்கும் இயல்பு எல்லாம் அதற்கு உண்டு. சத்தியமங்கலம் பகுதியில் ஏக்கர் கணக்கில் விளைகிறது. ஆனால் இது நம்மூர்ச் செடி இல்லை. சம்பங்கியும், வாசல் தோரணத்தில் தொங்கும் செண்டுமல்லியும் மெக்சிகோ மண்ணுக்குரியவை. ஐரோப்பியர் அமெரிக்காவுக்குக் கடல்வழி கண்ட பிறகுதான் அவை இங்கே வந்திருக்க முடியும். நாம் தொன்றுதொட்ட வழக்கம் என்று நம்பும் மாலையில் பாதி அப்படிக் கப்பலில் வந்தது.

மாலையின் உயிர்நாடி நார். வாழை மட்டையிலிருந்து உரித்துக் காயவைத்த நாரை நனைத்து, நகத்தால் இழை இழையாகக் கிழித்துக்கொள்வார்கள். நூலில் கட்டினால் என்ன? மல்லியின் குழல் மிக மெல்லியது. முறுக்கிய நூல் இறுகும்போது அதை அறுத்துவிடும். நார் தட்டையாக இருப்பதால் அழுத்தம் பரவுகிறது. ஈரத்தையும் பிடித்துவைக்கிறது. கட்டும் விதத்திலும் கணக்கு உண்டு. இரண்டு பூவை ஒரு பக்கமும் இரண்டை எதிர்ப் பக்கமுமாகக் காம்போடு காம்பு சேர வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் கண்ணி போட்டு இழுக்கிறார்கள். அது முடிச்சு அல்ல, சுருக்கு. அடுத்த சுருக்கு முந்தியதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தளர்ந்தால் பூ உதிரும், கூடுதலாக இழுத்தால் கழுத்து ஒடியும். இரண்டுக்கும் நடுவே உள்ள இழுப்பைச் சொல்லித்தர முடியாது. கை பழகிக்கொள்ள வேண்டும்.

இப்போது மணமக்கள் விரும்பிக் கேட்பது ரோஜா இதழ் மாலை. இதழ்களைத் தனித்தனியாக மடித்து, நீண்ட ஊசியில் நெருக்கிக் கோத்துச் செய்கிறார்கள். படத்தில் பிரமாதமாகத்தான் விழுகிறது. கழுத்தில் போட்டு இரண்டு மணி நேரம் ஹோமப் புகையில் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள்.

கட்டாமலும் கோக்காமலும் மாலை செய்யும் ஊர் ஒன்று உண்டு. நாகர்கோவிலுக்கு அருகிலுள்ள தோவாளை. அங்கே வெள்ளரளி, செவ்வரளிப் பூக்களையும் நொச்சி இலைகளையும் மடித்து, சம்பா நாரில் பாய் முடைவதுபோல் முடைகிறார்கள். உருண்டு திரளாமல் பட்டையாக விழும் அந்த மாலையில் சிவப்பும் வெள்ளையும் பச்சையும் கல் பதித்தது மாதிரி தெரிவதால் மாணிக்க மாலை என்று பெயர். 2025-இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அரளியைப் பற்றி ஒரு வார்த்தை: அந்தச் செடியில் இலை, பூ, வேர் எல்லாமே நஞ்சு. மாலையாகப் போட்டுக்கொள்வதில் ஆபத்தில்லை, குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேடை அலங்காரத்தின் கணக்கு வேறு. அங்கே பூ காம்போடு வருகிறது: ஓசூர் பசுமைக்குடில்களிலிருந்து ரோஜா, ஜெர்பெரா, கார்னேஷன், தாய்லாந்திலிருந்து ஆர்க்கிட். காம்புக்குள் ஓடும் நுண்குழாய்களில் தண்ணீர் அறுபடாத இழையாக மேலே ஏறுகிறது. வெட்டும்போது காற்றுக் குமிழி புகுந்தால் இழை அறுந்து, வாளி நிறையத் தண்ணீர் இருந்தும் ரோஜா தலை தொங்கிவிடும். விவரம் தெரிந்த அலங்காரக்காரர் காம்பின் நுனியைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து மறுபடி வெட்டுவது இதற்காக. பழைய தண்ணீரில் பெருகும் பாக்டீரியாவும் அந்தக் குழாய்களை அடைக்கும். அதனால் வாளி சுத்தமாக இருந்தாக வேண்டும்.

இன்னொரு எதிரி கண்ணுக்குத் தெரியாது. பழுக்கும் பழங்கள் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகின்றன. பூவுக்கு அது மூப்பைக் கொண்டுவரும் செய்தி. கார்னேஷனும் ஆர்க்கிட்டும் அதற்கு மிகச் சீக்கிரம் மசியும். கார்னேஷன் இதழ் உள்நோக்கிச் சுருண்டுவிடும். கல்யாண மண்டபங்களில் பூ வாளியையும் சீர்வரிசைப் பழத் தட்டுகளையும் ஒரே அறையில் வைத்துப் பூட்டுவது சாதாரணமாக நடக்கிறது. வாழைப்பழத்துக்கும் ஆப்பிளுக்கும் பக்கத்தில் இரவைக் கழித்த கார்னேஷனைக் காலையில் பார்த்துவிட்டு, பூக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டார் என்று சண்டைக்குப் போகிறோம்.

பூக்களைக் குத்தி நிறுத்த அலங்காரக்காரர்கள் பச்சை நிற ஃபோம் கட்டிகளைப் பயன்படுத்துகிறார்கள். 1954-இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் வெர்னான் ஸ்மிதர்ஸ் கண்டுபிடித்தது. தண்ணீரை நன்றாக உறிஞ்சும், எந்தக் கோணத்தில் குத்தினாலும் காம்பு நிற்கும். வசதிதான். ஆனால் அது ஃபீனால், ஃபார்மால்டிஹைடு சேர்த்துச் செய்த பிளாஸ்டிக். விரலால் நசுக்கினால் பொடியாகும், அந்தப் பொடி மக்காது. கழுவிவிட்டால் சாக்கடை வழியே நீர்நிலைக்குப் போகும். செல்சியா மலர்க் கண்காட்சி உட்படத் தன் கண்காட்சிகள் அனைத்திலும் பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் இதைத் தடை செய்துவிட்டது. நம் ஊரிலோ முகூர்த்த நாள் முடிந்ததும் மண்டபத்தின் பின்புறம் குப்பையோடு குவிகிறது.

சாமி புறப்பாட்டுச் சப்பரத்தில் வாழைத் தண்டைக் கட்டி அதில் பூவைக் குத்துவது நமக்குத் தெரிந்த வேலை. வாழைத் தண்டில் பெரும்பங்கு தண்ணீர்தான். ஓர் இரவுக்கும் ஒரு காலைக்கும் அது தாங்கும், பிறகு மாட்டுக்குப் போடலாம். மேடைக்கு முன்பணம் கொடுக்கும்போதே ஃபோம் வேண்டாம், வாழைத் தண்டில் செய்யுங்கள் என்று சொல்லிவிடுங்கள். மாலைக்காரரிடம் போட்டோவை நீட்டுவதற்கு முன் முகூர்த்த நேரத்தையும் மண்டபம் இருக்கும் தூரத்தையும் சொல்லுங்கள். எந்தப் பூ என்பதை அவர் முடிவு செய்யட்டும்.