காட்டுப் பாதைக்கு எந்த வண்டி?

எங்க ஊர்ப் பக்கம் 'காட்டுக்குப் போறேன்' என்றால் புலி பார்க்கப் போவதில்லை. உளுந்தும் மக்காச்சோளமும் போட்டிருக்கிற கரிசல் நிலத்துக்குப் போவது. விளாத்திகுளம் பக்கத்தில் அப்படி ஒரு காட்டில் கட்டின வீட்டில்தான் அப்பா இருக்கிறார். வயது 74. ஊருக்குள் வந்து இருங்க என்றால் கேட்கிற ஆள் இல்லை.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி அவருக்கு மூச்சுத்திணறல். நான் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். காரில் ஏற்றிக் கிளம்பினேன். முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் நன்றாக ஊறியிருந்தது. இருநூறு மீட்டர் கூடப் போகவில்லை, முன்சக்கரம் இரண்டும் அந்த இடத்திலேயே சுற்ற ஆரம்பித்துவிட்டன. பக்கத்துக் காட்டு அண்ணாச்சி டிராக்டரைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்து வெளியே விட முக்கால் மணி நேரம் ஆனது. நல்லவேளை, அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த முக்கால் மணி நேரம் என் மனதை விட்டுப் போகவில்லை. மறுநாளே 'ஃபோர் வீல் டிரைவ் வாங்கியே ஆகணும்' என்று முடிவு செய்துவிட்டேன். அந்த முடிவு பாதிதான் சரி என்று தெரிய இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தில் படித்தது, அளந்தது, ஓட்டிப் பார்த்தது எல்லாம்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பாதையை நடந்து பார்க்கணும்

நான் செய்த உருப்படியான காரியம் ஷோரூமுக்குப் போகும் முன்னாடி டேப்பை எடுத்துக்கொண்டு பாதையை நடந்து பார்த்ததுதான். வீட்டிலிருந்து தார் ரோடு வரை மூன்று விதமான துண்டுகள் இருந்தன.

ஒன்று, வீட்டை ஒட்டி 600 மீட்டர் சுத்தக் கரிசல். இரண்டு, ஒன்றரைக் கிலோமீட்டர் சரள் பாதை. டிராக்டர் போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மேடு, ஓரமெல்லாம் சீமைக்கருவேலம். மூன்று, ஓடைக்குக் குறுக்கே ஒரு தரைப்பாலம்.

வண்டியை நிறுத்துகிற காரணம் மூன்று இடத்திலும் வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் 'எந்த 4×4 பெஸ்ட்?' என்று கேட்டால் பதில் கிடைக்காது.

கரிசல்: பிடிமானம்

கரிசலில் இருக்கிற மான்ட்மோரில்லோனைட் என்கிற களிமண் தண்ணீரை உறிஞ்சி உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிப்பு விடும். ஈரத்தில் டயர் பட்டைகளுக்கு நடுவில் போய் அப்பிக்கொள்ளும். நாலு சுற்றுச் சுற்றினால் டயர் வழவழவென்று மண் உருண்டை மாதிரி ஆகிவிடும். அப்புறம் எத்தனை சக்கரத்துக்குச் சக்தி கொடுத்தாலும் பிடிமானம் கொஞ்சம்தான்.

இங்கேதான் டிஃபரென்ஷியலைப் புரிந்துகொள்ள வேண்டும். திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும் என்பதால் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற இது இடம் கொடுக்கிறது. ஆனால் சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு பக்கமும் சம அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் சும்மா வழுக்கினால் அதற்கு வேண்டிய விசை ரொம்பக் குறைவு. அதே குறைந்த விசைதான் கெட்டித் தரையில் நிற்கிற இன்னொரு சக்கரத்துக்கும் போகும். ஆக, 4×4 வண்டியிலேயே முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வழுக்கினால் வண்டி நின்றுவிடும்.

இதற்கு இரண்டு தீர்வு. டிஃபரென்ஷியலைப் பூட்டிவிடுவது ஒன்று. ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் நாமே பூட்டலாம். தாரின் சில மாடல்களில் பின்பக்கம் மட்டும் தானாகப் பூட்டிக்கொள்ளும். இன்னொன்று, வழுக்குகிற சக்கரத்தை மட்டும் எலக்ட்ரானிக்காக பிரேக் பிடிப்பது. ஜிம்னியில் இந்த முறை. அப்போது எதிர்ச் சக்கரத்துக்கு விசை கிடைக்கும்.

அடுத்தது லோ ரேஞ்ச். ஜிம்னி மேனுவலில் எஞ்சின் 1000 சுற்றில் ஓடும்போது முதல் கியரில் மணிக்கு சுமார் 7 கி.மீ. வேகம் வரும். லோ ரேஞ்ச் போட்டால் அது பாதி, அதாவது நாம் நடக்கிற வேகம். விசை இரண்டு மடங்கு. ஆக்சிலேட்டரை மிதித்துச் சக்கரத்தைச் சுழல விடாமல் நிதானமாக ஊர்ந்து போகலாம். 'ஆல் வீல் டிரைவ்' என்று வருகிற பல எஸ்யூவிகளில் இந்த லோ ரேஞ்ச் கிடையாது. நாலு சக்கரமும் சுற்றும் என்றாலும் இரண்டும் ஒன்றில்லை.

இன்னொரு எச்சரிக்கை. தார், கூர்க்கா, ஜிம்னி மூன்றிலும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிஃபரென்ஷியல் இல்லை. அதனால் காய்ந்த தார் ரோட்டில் 4×4 போட்டு ஓட்டக்கூடாது. திருப்பத்தில் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி கியர், ஷாஃப்ட் எல்லாம் முறுக்கு வாங்கும்.

காசு செலவில்லாத வித்தை

டயர் தரையை அழுத்துகிற அழுத்தம் கிட்டத்தட்ட டயருக்குள் இருக்கிற காற்றழுத்தம்தான். 1200 கிலோ வண்டி என்றால் ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ. 30 பிஎஸ்ஐ என்பது சதுர செ.மீ.க்கு சுமார் 2.1 கிலோ. அப்படியானால் தரையைத் தொடுகிற பரப்பு சுமார் 143 சதுர செ.மீ. காற்றை 18 பிஎஸ்ஐ-க்கு இறக்கினால் அது சுமார் 236 ஆகிறது. டயரின் பக்கச்சுவர் தாங்குவதை விட்டுவிட்டுப் போட்ட தோராயக் கணக்கு இது. ஆனாலும் ஒரு பைசா செலவில்லாமல் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. வண்டி புதைவது குறையும். மெதுவாகத்தான் ஓட்டணும். தார் ரோடு ஏறும் முன் மறுபடி காற்று அடிக்கணும். சிகரெட் லைட்டரில் சொருகுகிற சின்ன கம்ப்ரஸர் ஒன்று வண்டியிலேயே கிடக்கட்டும்.

சரள் பாதை: உயரமும் அகலமும்

இந்த ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 4×4 தேவையே இல்லை. அண்ணாச்சியின் டூ வீல் டிரைவ் பொலேரோ பத்து வருஷமாக இதில்தான் போய் வருகிறது. இங்கே பிரச்சினை நடுமேடு. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் மேடு வண்டியின் வயிற்றை இடிக்கும். நான் அளந்த வரையில் மேட்டின் உயரம் அதிகபட்சம் 190 மி.மீ. என் கார் இடித்ததில் ஆச்சரியம் இல்லை. ஜிம்னிக்கு 210, தாருக்கு 226 மி.மீ. இடைவெளி.

விளம்பரத்தில் சொல்லாத விஷயம் அகலம். இரண்டு பக்கமும் கருவேல முள் இருக்கிற பாதையில் தார் 1800 மி.மீ.க்கு மேல், ஜிம்னி 1645 மி.மீ. என்பது பெரிய வித்தியாசம். பெயிண்ட் போவது கூடப் பரவாயில்லை. ஓரம் ஒதுங்கினால் டயரின் பக்கச்சுவரில் முள் ஏறும், அங்கே பஞ்சர் ஒட்டுவது நம்பிக்கையான வேலை இல்லை. அதனால் எந்த வண்டி எடுத்தாலும் ஸ்டெப்னி முழு அளவு டயராக இருக்கிறதா என்று பாருங்கள்.

மூட்டை ஏற்றுவதுதான் முக்கிய வேலை என்றால் கணக்கு வேறு. பொலேரோ கேம்ப்பரில் 4×4 மாடல் உண்டு. எனக்கு வேண்டியது ஆள் போக்குவரத்து.

தரைப்பாலம்: இங்கே எந்த வண்டியும் உதவாது

நான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்த இடம் இதுதான். தாருக்கு 650 மி.மீ. வரை தண்ணீரில் போகலாம் என்று கம்பெனி சொல்கிறது. ஓடையில் அதைவிடக் குறைவாகத்தானே தண்ணீர் வரும் என்பது என் கணக்கு. ஆனால் அந்த எண் நிற்கிற தண்ணீருக்கு. எஞ்சினுக்குள் தண்ணீர் போகாது என்பது மட்டும்தான் அதன் அர்த்தம்.

ஓடுகிற தண்ணீரில் ஆர்க்கிமிடீஸ் வந்துவிடுவார். வண்டியின் அடிப்பரப்பு தோராயமாக 5.5 சதுர மீட்டர். வண்டித் தரைமட்டத்துக்கு மேல் தண்ணீர் ஏறுகிற ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் 550 கிலோ மேல்நோக்கித் தள்ளும். 1200 கிலோ வண்டிக்கு 20 செ.மீ. ஏறினாலே டயரில் எடை கிட்டத்தட்ட இல்லை. எடை இல்லாத டயருக்குப் பிடிமானம் ஏது? நாலு சக்கரமும் அழகாகச் சுற்றும், வண்டி ஓடையோடு போகும். ஓடுகிற தண்ணீர் ஓரடி இருந்தால் சின்னக் காரையும் இரண்டடி இருந்தால் எஸ்யூவி உட்படப் பெரும்பாலான வண்டிகளையும் இழுத்துவிடும் என்று அமெரிக்க வானிலைத் துறை எச்சரிக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பெய்ததே, அந்த மாதிரி நாளில் பாலம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

கடைசியில் செய்தது

ஜிம்னி எடுத்தேன். அகலம் குறைவு, எடை சுமார் 1200 கிலோதான். தார் 1700 கிலோவுக்கு மேல். ஈரக் கரிசலில் லேசான வண்டிக்குச் சாதகம் உண்டு, ஓடைத் தண்ணீரில் அதே லேசு பாதகம் என்பதையும் தெரிந்தேதான் எடுத்தேன். பாதை அகலமாக, ஏற்றம் அதிகமாக, டீசல் வேண்டும் என்று இருந்தால் தாரோ கூர்க்காவோ எடுத்திருப்பேன்.

அதோடு பக்கத்துக் காட்டுக்காரர்கள் நாலு பேர் பங்கு போட்டு, கரிசல் துண்டில் மோசமான 250 மீட்டருக்குச் சரள் அடித்தோம். போன மாத மழையில் பழைய காரையும் வேண்டுமென்றே ஓட்டிப் பார்த்தேன். அந்த 250 மீட்டரை அது தாண்டிவிட்டது. மீதி 350 மீட்டரில் பாதியில் மாட்டிக்கொண்டது. அதை ஜிம்னியை வைத்து இழுத்தேன். முழுக்கச் சரள் அடித்திருந்தால் 4×4 வாங்கியே இருக்க வேண்டாமோ என்று அன்றைக்குத் தோன்றியது. உங்கள் பாதை சின்னது என்றால் முதலில் அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தரைப்பாலத்துக்கு மட்டும் வண்டியில் தீர்வு இல்லை. கனமழை எச்சரிக்கை வந்தால் அப்பா முதல் நாளே ஊருக்குள் அத்தை வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று பேசினோம். "அப்ப ஆட்டை யாருல பாப்பா?" என்று கேட்டார். அண்ணாச்சி பார்த்துக்கொள்கிறேன் என்றார். அண்ணாச்சியின் காடும் ஓடைக்கு அந்தப் பக்கம்தான். அப்பா யோசித்துவிட்டு, "சரி, ஆட்டையும் சேத்தே கூட்டிட்டு வாரேன்" என்றார். ஆறு ஆடு. ஜிம்னியில் ஏறாது. அண்ணாச்சியின் பொலேரோவைத்தான் கேட்டிருக்கிறோம்.