டிராக்டர் பக்கெட்டில் சங்கிலிக் கொக்கி: எங்கே பற்றவைப்பது?
தோட்டத்தில் சாய்ந்த மரத்தையோ சிமெண்டுக் குழாயையோ தூக்க, டிராக்டரின் முன் பக்கெட்டில் சங்கிலிக் கொக்கி இருந்தால் வேலை சுலபம். ஆனால் கொக்கி பலமாக இருந்தால் மட்டும் போதாது.

மேல் விளிம்பின் நடுப்பகுதி பாரத்தில் எளிதில் வளையும். பக்கத் தகடுகள் சேரும் இரு ஓரங்களிலும் கொக்கி வையுங்கள். பற்றவைப்பதற்கென்றே செய்த கொக்கியை வாங்குங்கள். கம்பியை வளைத்துச் செய்தது பாரத்தில் விரியும்.

பெயிண்டைச் சுரண்டி, ஈரம் படாத 7018 வெல்டிங் கம்பியால் பற்றவையுங்கள். அதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, எர்த் கிளிப்பைப் பக்கெட்டிலேயே மாட்டுங்கள்.

கொக்கி பொருத்தியதால் லோடரின் பலம் கூடாது. கையேட்டிலுள்ள எடையைத் தாண்டாதீர்கள். பாரத்தைத் தரையை ஒட்டியே கொண்டு செல்லுங்கள்; உயர்த்தினால் சரிவில் டிராக்டர் கவிழலாம். தொங்கும் பாரத்தின் அடியில் யாரையும் நிற்கவிடாதீர்கள்.