பழைய லொறியின் புகைக்குழாய்: ஒட்டுக்கு மேல் ஒட்டு சிக்கனமல்ல

சொந்த லொறி வைத்து வியாபாரம் செய்யும் நம்மவர்களில் அனேகரிடம் இருப்பது பழைய வண்டிதான். இசுசு எல்ஃப், மிட்சுபிஷி கென்டர், டாட்டா 1210 என இருபது, முப்பது வருடம் ஓடிய லொறிகள் இன்றும் நமக்குச் சாமான் ஏற்றி இறக்குகின்றன. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதும், புதிய லொறியின் விலை சிறு வியாபாரிக்கு எட்டுவதாக இல்லை. எனவே கையிலிருக்கும் வண்டியைப் பேணிக் காப்பதே புத்தி.

எஞ்சின், டயர், பிரேக் என்று எல்லாவற்றையும் கவனிக்கும் நாம், புகைக்குழாயை மட்டும் சத்தம் வந்தால்தான் திரும்பிப் பார்க்கிறோம். அப்போதும் "ஒரு ஒட்டு வைத்து அனுப்புங்கள்" என்று கராஜ் பாஸிடம் சொல்லிவிடுகிறோம். மூன்று மாதத்தில் அதே இடம் மீண்டும் விட்டுப்போகிறது. இதில் நட்டம் வெல்டிங் கூலி மட்டுமல்ல. லொறி நின்ற நாளின் வருமானமும் சேர்ந்தே போகிறது.

அதைவிடப் பெரிய விடயம் சாரதியின் உயிர். எல்ஃப், கென்டர் போன்ற வண்டிகளில் எஞ்சின் சாரதியின் ஆசனத்துக்குக் கீழேயே இருக்கிறது. முன்பக்க இணைப்பு கசிந்தால், கியர் கம்பியைச் சுற்றியுள்ள இடைவெளியாலும் தரையிலுள்ள துரு ஓட்டைகளாலும் புகை கெபினுக்குள் ஏறும். அதில் கலந்திருக்கும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பெற்றோல் எஞ்சினைவிட டீசல் எஞ்சினில் அது குறைவுதான். ஆனாலும் கண்ணாடியை மூடிக்கொண்டு இரவு முழுவதும் ஓட்டுபவருக்குத் தலையிடியும் தூக்கக் கலக்கமும் வர இடமுண்டு. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை ஏற்படுத்தும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் வகைப்படுத்தியது. இதற்கு மேல், கசியும் சூடான புகை பக்கத்திலுள்ள வயரையோ டீசல் குழாயையோ தாக்கினால் வண்டியோடு சரக்கும் எரிந்துபோகலாம்.

இணைப்பு ஏன் முதலில் துருப்பிடிக்கிறது? ஒரு லீற்றர் டீசல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் நீராவியாக வெளியேறுகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் குழாய் நன்றாகச் சூடாவதால் அது வெளியே போய்விடும். கடைக்கும் களஞ்சியத்துக்கும் இடையே மட்டும் ஓடும் வண்டியில் அது குளிர்ந்து குழாய்க்குள்ளேயே தங்குகிறது. டீசலிலுள்ள கந்தகம் அந்த நீரை அமிலமாக்குகிறது. இரண்டு தகடுகள் சேரும் இடுக்கில் ஈரம் காயாமல் நின்று இரும்பைத் தின்கிறது. கரையோர ஊர்களில் உப்புக் காற்று வெளிப்பக்கமிருந்தும் தாக்குகிறது.

கசிவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கியவுடன் "டிக் டிக்" என்று கேட்டு, சூடானதும் அந்தச் சத்தம் குறைந்தால் மெனிபோல்ட் பக்கத்தில் சந்தேகம் கொள்ளுங்கள். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் அங்கே கசிகிறது என்று அர்த்தம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே இணைப்புகளில் சவர்க்கார நீரைத் தெளித்து மெதுவாக ஓடவிட்டால் கசியும் இடத்தில் குமிழி வரும். இவற்றை வெளியிடத்தில்தான் செய்ய வேண்டும். மூடிய கராஜுக்குள் அல்ல.

இனி, பாஸிடம் என்ன சொல்ல வேண்டும் என்று பார்ப்போம்.

முதலாவது, துருவின் மேல் ஒட்டு வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சிறு சுத்தியலால் குழாயைத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருத் தின்ற இரும்பு மந்தமாக ஒலிக்கும். நல்ல இரும்பு தொடங்கும் இடம் வரை வெட்டி எறிந்துவிட்டு, புதிய குழாய்த் துண்டையும் புதிய பிளேஞ்சையும் வைத்து ஒட்டினால்தான் நிலைக்கும். தண்ணீருக்குப் பாவிக்கும் துத்தநாகம் பூசிய குழாயை இதற்கு எடுக்கக் கூடாது. அதை வெல்டிங் செய்யும்போது எழும் புகை ஒட்டுபவருக்குக் காய்ச்சலை உண்டாக்கும்.

இரண்டாவது, இறுகிய நட்டை முரட்டுத்தனமாகத் திருப்பினால் ஸ்டட் முறிந்து வேலை இரட்டிப்பாகும். முதல் நாள் மாலையிலேயே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைக்க வேண்டும். அசையாவிட்டால் எண்ணெயைத் துடைத்துவிட்டு நட்டைச் சூடாக்கி, முன்னும் பின்னுமாக மெல்ல அசைக்க வேண்டும். டீசல் குழாய், பிரேக் குழாய் பக்கத்தில் நெருப்பு வேண்டாம்; அங்கே நட்டை வெட்டி எடுப்பதே பாதுகாப்பு. முறிந்த ஸ்டட்டின் தலை வெளியே தெரிந்தால் அதன்மேல் ஒரு நட்டை ஒட்டித் திருப்பி எடுக்கலாம். மின் வெல்டிங் செய்யுமுன் பற்றரி வயரைக் கழற்றிவிடவும்.

மூன்றாவது, பழைய கெஸ்கட்டை மீண்டும் போட அனுமதிக்காதீர்கள். ஒருமுறை நசுங்கிய கெஸ்கட் மறுமுறை அடைக்காது. மிகப் பழைய கெஸ்கட்டில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். அதை உலர்ந்தபடி சுரண்டித் தூசு கிளப்பாமல் நனைத்து எடுக்க வேண்டும். பிளேஞ்சின் முகத்தில் இரும்பு அடிமட்டத்தை வைத்து, வளைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வளைந்த முகத்தை எந்தக் கெஸ்கட்டும் காப்பாற்றாது. சாதாரண சிலிக்கன் பசை மெனிபோல்ட்டின் சூட்டைத் தாங்காது.

நான்காவது, நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகச் சமமாக இறுக்க வேண்டும். பித்தளை நட்டும் செம்புக் கிறீஸும் பாவித்தால் அடுத்த முறை சுலபமாகக் கழற்றலாம். வண்டி சிறிது ஓடிக் குளிர்ந்த பின் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்தாவது விடயத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். சைலன்சரைத் தாங்கும் கொக்கியும் றப்பரும் அறுந்திருந்தால் அதன் பாரம் முழுவதும் முன் இணைப்பில்தான் தொங்கும். எஞ்சின் மவுண்ட் தேய்ந்திருந்தாலும் ஒவ்வொரு அதிர்வும் அங்கேதான் வந்து விழும். அவற்றைச் சரிசெய்யாமல் இணைப்பை மட்டும் புதிதாக்கினால் அதே இடம் மறுபடியும் பிளக்கும்.

வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். இந்தப் பரிசோதனை 2008இல் ஆரம்பமானது. கசியும் குழாயோடு அங்கே போய் வரிசையில் நின்று திரும்பி வருவதைவிட, ஒரு மாதம் முன்பே வண்டிக்குக் கீழே குனிந்து பார்ப்பது நல்லது. டேர்போ உள்ள எஞ்சினில், டேர்போவுக்கு முன்னால் கசிந்தால் இழுவை குறைந்து கரும்புகையும் கூடும். டீசல் செலவும் ஏறும்.

மூன்று ஒட்டின் கூலியையும் லொறி நின்ற மூன்று நாளையும் கூட்டி, ஒருமுறை முறையாகச் செய்யும் வேலையின் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எது மலிவு என்பதை உங்கள் கணக்குப் புத்தகமே சொல்லும். அதற்கு முன், உங்கள் சாரதியிடம் இன்றே ஒரு கேள்வி கேளுங்கள்: "கெபினுக்குள் புகை மணக்கிறதா?" ஆம் என்றால், அடுத்த ஓட்டத்துக்கு முன் வண்டியைக் கராஜுக்கு அனுப்புங்கள்.