பழைய வண்டியைப் புதுக்கும் நெறி

பரணில் கிடக்கும் செப்புக் குடத்தைத் துலக்கி வைத்தால் போதும். அது அழகுப் பொருளாகிவிடும். கொட்டகையில் கிடக்கும் பழைய மகிழுந்து அத்தகையதன்று. அது மீண்டும் தெருவில் இறங்கும். நம் வீட்டாரைச் சுமக்கும். தெருவில் நடக்கும் பிறர் வீட்டுப் பிள்ளைகளின் அருகே செல்லும். ஆதலின் அதனைப் புதுக்கும் வேலையில் அழகுணர்ச்சியை விடப் பொறுப்புணர்ச்சியே முதன்மை பெறுதல் வேண்டும். இதனை நாம் நூலில் கற்றோமில்லை, பட்டு அறிந்தோம். அவ்வறிவை மாணவச் செல்வங்களுடனும் பெரியோர்களுடனும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் பயிற்றுவிக்கும் நமக்குப் பட்டறையில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். 1972ஆம் ஆண்டில் செய்யப்பட்ட அம்பாசிடர் வண்டி ஒன்றை நம் அத்தா 1984இல் வாங்கினார். அது முன்னரே ஒருவர் கைப்பட்ட வண்டி. திருமணம், மகப்பேறு, மையித்து வீடு என்று உறவினர் எவர் அழைத்தாலும் அவ்வண்டி சென்று நின்றது. 2009இல் அத்தா வஃபாத்தான பின்னர் அதனை எடுத்தவர் எவருமிலர். 2022ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பயிலும் நம் தங்கை மகன், "மாமா, நன்னா வண்டிய நாமே சரி பண்ணிடலாம்" என்றான். இசைந்தோம்.

அம்பாசிடரின் பிறப்பு

இங்கிலாந்தில் 1956இல் வெளிவந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை மகிழுந்தே அம்பாசிடருக்கு மூலம். 1942இல் தோன்றிய இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் அதனை 1958 முதல் உருவாக்கியது. 2014இல் உற்பத்தி நின்றது. அரை நூற்றாண்டுக்கு மேலாகப் புறத்தோற்றம் பெரிதும் மாறாமல் வந்த வண்டி இது. இன்றும் பழுது பார்க்கத் தெரிந்தோர் சிற்றூர்களிலும் உள்ளனர். சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய உதிரிப் பாகங்களும் கிடைக்கின்றன. வீட்டில் வைத்துப் பழுது நீக்க ஏற்ற வண்டி இதுவே எனலாம். 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள அதன் நான்கு சிலிண்டர் இன்ஜினில் கணிப்பொறி இல்லை. கண்ணும் காதும் கையும் கொண்டே பெரும்பாலான குறைகளை அறியலாம்.

நாம் செய்த பிழை

எளிமை நம்மை ஏமாற்றியது. முதலில் இன்ஜினை இயக்கினோம். பதின்மூன்று ஆண்டு உறங்கிய இன்ஜின் உறுமியபோது வீடே மகிழ்ந்தது. அடுத்து டிங்கரிங்கும் பெயிண்டிங்கும் நடந்தன, பாட்டுப்பெட்டியும் பொருத்தினோம். பிரேக் மிதிக்குக் கால் கொடுத்துப் பார்த்தோம். சற்று இறுக்கமாகவே இருந்தது. அது போதும் என்று எண்ணினோம்.

முதல் வெள்ளோட்டத்தில் மருமகன் வண்டியை ஓட்ட, நாம் அருகில் அமர்ந்திருந்தோம். தெருச் சரிவில் இறங்கும்போது மிதி ஒருமுறை பிடித்தது. மறுமுறை தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை. எதிரே மாலை மதரஸா விட்டுப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தனர். அவன் கியரைக் குறைத்தான். நாம் கைப்பிரேக்கை இழுத்தோம். வீடு கட்டக் குவித்திருந்த மணல் மேட்டில் முட்டி வண்டி நின்றது. எவர்க்கும் ஊறில்லை, எல்லாப் புகழும் இறைவனுக்கே. ஆயினும் அன்றிரவு நாம் உறங்கவில்லை.

மறுநாள் வந்து பார்த்த முதிய மெக்கானிக், சக்கரத்தைக் கழற்றிக் காட்டிச் சொன்னார்: "வண்டிய ஓட வைக்கிறது பெரிசு இல்ல தம்பி, நிக்க வைக்கிறதுதான் பெரிசு." பின்னர் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து செய்தோம். நிறுத்தம், திருப்பம், ஒளி, ஓட்டம், தோற்றம் என்பதே அவர் கற்பித்த வரிசை. நாம் செய்ததோ அதன் தலைகீழ்.

நிறுத்தம்

மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயில் குழாய் வழியே ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள வீல் சிலிண்டருக்குச் செல்கிறது. அங்குள்ள ரப்பர் வாஷர்கள் உந்த, பிரேக் ஷூ விரிந்து சுழலும் டிரம்மைப் பற்றுகிறது. நம் வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழி. ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கும் போம். நமக்கு நேர்ந்தது அதுவே. பின்சக்கர வாஷர் ஒன்று காய்ந்து வெடித்திருந்தது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டாட் 3 என்னும் தரத்து ஆயில் புதிதாய் இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது என்பது தர விதி. ஈரம் ஏறிய நிலைக்கோ அவ்வரம்பு 140 டிகிரியே. கொதித்தால் ஆவிக் குமிழ் தோன்றும். குமிழ் அழுத்தத்தைக் கடத்தாது. மிதி வெறுமையாய் இறங்கும். அன்றியும், ஈரம் சிலிண்டரின் உட்புறத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். எனவே நெடுங்காலம் நின்ற வண்டியில் ரப்பர் வாஷர், ரப்பர் குழாய், ஆயில் ஆகிய அனைத்தையும் மாற்றுதல் கட்டாயம். ஆயில் குறைந்ததென்று இன்ஜின் ஆயிலை ஊற்றிவிடலாகாது. ரப்பர் உப்பிக் கெடும். காற்றை வெளியேற்றும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி, அண்மையிலுள்ளதில் முடிப்பதே மரபு. பழைய ஷூக்களில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசியை வாயால் ஊதலாகாது, ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றுவோர் மறவாதிருக்க வேண்டியது ஒன்றுண்டு. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே உரியது, தாங்குவதற்கன்று. இரும்புத் தாங்கிகளை முட்டுக் கொடுக்காமல் வண்டியின் அடியில் புகுதல் உயிரைப் பணயம் வைப்பதாகும். செங்கல் நொறுங்கும், அதனை நம்புதல் தகாது.

திருப்பமும் ஒளியும்

ஸ்டியரிங்கின் மூட்டுகளில் ஆட்டம் உள்ளதா எனப் பார்த்து, கிரீஸ் அடிக்கும் முனைகள் அனைத்திலும் பழைய கிரீஸ் வெளியேறும் வரை புதியதை அடித்தல் வேண்டும். டயரின் பூ தேயாதிருப்பினும் ரப்பர் முதுமையடையும். 2000ஆம் ஆண்டு முதல் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்படுகின்றன. 2419 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 24ஆம் வாரத்தில் செய்யப்பட்டதாகும். நம் வண்டியின் டயர்களில் அந்நான்கு இலக்கமே இல்லை. அவற்றின் வயதை அதனாலேயே உய்த்துணர்ந்தோம்.

மின்கம்பிகளின் உறை காலத்தால் நொறுங்கும். மின்வேலை தொடங்குமுன் பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றி, இறுதியில் மாட்டுதல் முறை. மருமகன் 100 வாட் விளக்குகளை விரும்பினான். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் மின்னோட்டம் கிட்டும்: 100ஐ 12ஆல் வகுக்க எட்டுக்கு மேல், இரு விளக்குக்கும் சேர்த்துப் பதினாறு ஆம்பியருக்கு மேல். பழைய மெல்லிய கம்பியும் சுவிட்சும் அதனைத் தாங்கா, சூடேறித் தீப்பற்றும். இக்கணக்கை அவனே போட்டுப் பார்த்து, அளவான விளக்குகளையும் தனி ரிலேயையும் ஃபியூசையும் பொருத்தினான். தடுத்துச் சொல்வதினும் கணக்கிடச் சொல்வது இளைஞர்க்கு ஏற்புடைத்து என்பதை அன்று கண்டோம்.

ஓட்டம்

நெடுநாள் நின்ற இன்ஜினை உடனே ஸ்டார்ட்டரால் சுழற்றுதல் தவறு. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிதளவு ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, முன்புறம் ஹாண்டிலைச் செருகிக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும். தொட்டியைக் கழற்றிக் கழுவுதல் நலம். காலியான பெட்ரோல் தொட்டியை ஒருபோதும் வெல்டிங் செய்யலாகாது. உள்ளே எஞ்சும் ஆவி வெடிக்கும்.

காலமாற்றத்தால் வந்த இரு செய்திகளையும் ஈண்டு குறித்தல் வேண்டும். முன்னாளில் பெட்ரோலில் கலந்த ஈயம், பழைய இன்ஜின்களின் எக்சாஸ்ட் வால்வு அமரும் இடத்தைத் தேயாமல் காத்தது. 2000ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நீக்கப்பட்டது. மக்களின் உடல்நலத்துக்கு அது பெருநன்மை. ஆயின் பழைய இன்ஜினின் ஹெட்டைக் கழற்றும் வாய்ப்பு நேருமாயின், கடினப்படுத்திய வால்வு இருக்கைகளைப் பொருத்திக்கொள்ளுதல் தக்கது. இன்றைய பெட்ரோலிலோ 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது பழைய ரப்பரைக் கெடுக்கும். ஆதலின் பெட்ரோல் செல்லும் குழாய்களையும் பம்பின் உள்தகட்டையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றினோம்.

தோற்றம்

இவ்வண்டிக்குத் தனிச் சட்டகம் இல்லை; உடலே எலும்பு. கதவின் கீழுள்ள விளிம்புகள் துருவால் இற்றுப்போயின், வண்டியின் வலிமையே குன்றும். துருவின் மேல் பட்டி பூசி வண்ணம் அடித்தல், புண்ணை ஆற்றாமல் பட்டுத்துணி போர்த்துவதை ஒக்கும். நாம் முன்னர் செய்தது அதுவே. இரண்டாம் முறை துருவை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து, ரெட் ஆக்சைடு அடித்த பின்னரே வண்ணம் பூசினோம். அடித்த பெயிண்டை நாமே சுரண்டினோம், செலவு இரட்டிப்பாயிற்று.

மாற்றத்தின் எல்லை

பழுது நீக்குதல் வேறு; மாற்றி அமைத்தல் வேறு. முன்னது இருந்த நிலைக்கு மீட்பது; பின்னது இல்லாத ஒன்றைச் சேர்ப்பது. எல்லா மாற்றமும் தீதன்று. டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் பொருத்தினோம். இருக்கை வார் அமைத்தோம். வாரை வெறுந்தகட்டில் முடுக்கினால் மோதலில் பிய்ந்துவிடும் என்பதால், உட்புறம் கனத்த தகடு வைத்து முடுக்கினோம். அகன்ற டயரையும் உடலைத் தாழ்த்துவதையும் விடுத்தோம்; அகன்ற டயர் உடலில் உராயும், ஸ்டியரிங்கைக் கனக்கச் செய்யும். பல இசை எழுப்பும் ஹாரனையோ சட்டமே ஏற்பதில்லை.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் உற்பத்தியாளர் குறித்ததினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. இன்ஜினை மாற்ற எண்ணுவோர் பதிவு அலுவலரின் ஒப்புதலை முன்னரே பெறுதல் வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டியை ஆய்வுக்கு உட்படுத்தி ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பித்தல் வேண்டும். ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் குலையாத வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிய 2021இல் நடுவண் அரசு விதி வகுத்தது. ஆனால் அவற்றை அன்றாடப் போக்குவரவுக்குப் பயன்படுத்த இயலாது. அத்தாவின் வண்டி உறவினர்க்கு உதவவேண்டும் என்பதால் நாம் வழக்கமான புதுப்பித்தலையே மேற்கொண்டோம்.

கழற்றிய மூலப் பாகங்களை எறியாமல், பெயர்ச்சீட்டுக் கட்டிப் பெட்டியில் வைத்தோம். பதிப்பாசிரியர் பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் காட்டுவதும் இதுவும் ஒன்றே. நாம் செய்த மாற்றத்தைப் பின்வருவோர் அறிந்து மீட்க வழியிருத்தல் வேண்டும்.

நிறைவாக

சங்கச் சான்றோர் வண்டியை நன்கு அறிந்தவர். உப்பு வணிகர் மேட்டிலும் பள்ளத்திலும் செல்லும் தம் வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வர் என்பதும், ஒளவையார் எழினியை அவ்வச்சுக்கு ஒப்பிட்டதும் புறநானூற்றின் 102ஆம் பாட்டால் அறியக் கிடக்கின்றன. முரிந்த பின் வருந்தாமல் முரியுமுன் நினைப்பதே அவ்வச்சின் பொருள். இப்பாட்டை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியும், நம் கொட்டகையில் அதனை மறந்திருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளுதல் கடன்.

இப்போது வண்டியை எடுக்குமுன் மருமகன் சாவியைத் திருப்புவதில்லை. முதலில் குனிந்து நான்கு சக்கரத்தின் உட்புறமும் கசிவு பார்க்கிறான், மிதியை மும்முறை அழுத்திப் பார்க்கிறான், பிறகே அமர்கிறான். பாட்டுப்பெட்டி இன்னும் பொருத்தப்படவில்லை. "அதுக்கு அவசரமில்ல மாமா" என்கிறான். அத்தாவின் வண்டி அவன் கையில் பாதுகாப்பாக இருக்கிறது என்பதற்கு அச்சொல்லே சான்று.