குதிரை சக்தி கூடினால் சிலிண்டர் பிளக்கும்! படூர் ரோட்டில் பறக்கும் வாலிபர்களே, உஷார்!

படூர்-

பழைய மகாபலிபுரம் சாலை. படூரைத் தாண்டினால் கேளம்பாக்கம். அகலமான ரோடு. ராத்திரியானால் கூட்டம் குறைவு. கையில் கார் இருக்கிற வாலிபனுக்குக் கால் சும்மா இருக்குமா?

கம்பெனி கொடுத்த வேகம் போதாது என்று டர்போ மாட்டுகிறார்கள். 100 குதிரை சக்தி காரை 200 ஆக்கத் துடிக்கிறார்கள். சக்தி ஏறுகிறது, சரி. அதைத் தாங்க வேண்டிய சுவர்?

எந்தச் சுவர்?

பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய்தான் சிலிண்டர். இன்றைய கார்கள் பலவற்றில் அது அலுமினிய பிளாக்கில் பதித்த மெல்லிய இரும்புக் குழாய். சுற்றிலும் தண்ணீர் ஓடும். பல என்ஜின்களில் மேல்பக்கம் பிடிமானமே கிடையாது.

கார் டயரில் காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ. பெட்ரோல் எரியும்போது சிலிண்டருக்குள் 50 முதல் 70 கிலோ. டர்போவை முடுக்கினால் 100 கிலோவையும் தாண்டும். நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு 50 வெடி!

சுவர் உப்பும். ரிங் பிடிப்பு விடும். நீலப் புகை கக்கும். ஹெட் கேஸ்கட் போகும். கடைசியில் விரிசல். தண்ணீர் கலந்து ஆயில் பால் காபி மாதிரி ஆகிவிடும். அப்புறம் என்ஜின் காயலான் கடைக்குத்தான்!

மூன்று வைத்தியம்

முதலாவது, லைனர். லாரி என்ஜினில் காலம் காலமாக நடக்கும் வேலைதான். கார் பிளாக்கில் பழைய சுவரைக் குடைந்து எடுத்துவிட்டு, தடித்த இரும்பு ஸ்லீவ் இறக்குவார்கள். பிளாக்கைச் சூடாக்கி, ஸ்லீவைக் குளிர வைத்து இறக்கினால், ஆறியதும் கவ்விக்கொள்ளும். பிறகு போரிங், ஹோனிங். தலைமுடி அளவு பிசகினாலும் கேஸ்கட் காலி.

இரண்டாவது, மேலே திறந்த இடத்தில் வளையம் அடித்து முட்டுக்கொடுப்பது. சரியாகப் பொருந்தாவிட்டால் சிலிண்டரின் வட்டமே நெளியும்.

மூன்றாவது, தண்ணீர் பாதையின் கீழ்ப்பகுதியில் சிமெண்ட் போன்ற கலவையை ஊற்றுவது. கால் மைல் ரேஸுக்குச் சரி. சித்திரை வெயிலில் கேளம்பாக்கம் சிக்னலில் நின்றால் என்ஜின் கொதிக்கும்!

சட்டம் சும்மா விடாது

கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. மீறி மாற்றும் சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ரோட்டில் ரேஸ் விட்டால் தனிக் கேஸ். முதல் தடவையே 3 மாதம் வரை உள்ளே போகலாம். விபத்து என்றால் இன்சூரன்ஸ் பணமும் சந்தேகம்தான்.

ஆசை இருந்தால் இடமும் இருக்கிறது. அந்தக் காலத்தில் சோழவரம் விமானத் தளத்தில் ரேஸ் நடந்தது. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே டிராக் இருக்கிறது. அங்கே ஹெல்மெட் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு, எதிரே வண்டி வராது. தொழிலைக் கற்க ஆசையா? படூரிலேயே இந்துஸ்தான் கல்வி நிறுவனத்தில் ஆட்டோமொபைல் என்ஜினீயரிங் சொல்லித்தருகிறார்கள்.

லைனர் போட்டால் சிலிண்டர் தாங்கும். வேலை முடிந்து ரோட்டைக் கடக்கும் சித்தாளுக்கு ஏது லைனர்?