டைனமோவும் வானொலியும்

ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணம் செல்வோர், ஏ-9 வீதியின் ஓரத்திலே, இரும்புத் தகடு வேய்ந்த புல்டோசர் ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதைக் காண்பர். 1991ஆம் ஆண்டு அங்கு நடந்த சமரில் பங்குகொண்ட பொறி அது. போர்ப் பொறிகளுக்கு நினைவிடம் அமைப்பது உலக வழக்கம். ஆனால் அதே காலத்தில், அந்த உப்பு வெளிக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் வன்னி நிலத்தில், பல வீடுகளில் இயங்கிய சிறு பொறி வேறொன்று உண்டு. அதுதான் துவிச்சக்கர வண்டியின் டைனமோ. அதனைப் பற்றியே இன்று சிறிது பேச எண்ணுகின்றேன்.

1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்ட பின்னர், வடபகுதிக்குப் பல பொருட்கள் செல்வது தடுக்கப்பட்டது. எரிபொருளும் மின்கலங்களும் அவற்றுள் அடங்கும். மின்சாரமும் நின்றது. ஆனையிறவுப் பாதை அடைபட்டமையால் மக்கள் கிளாலிக் கடனீரேரியைப் படகிலே கடந்தனர். போர் நிறுத்தத்தை அடுத்து 2002ஆம் ஆண்டில் ஏ-9 வீதி திறக்கப்படும் வரை வன்னியில் மின்கலம் அரும்பொருளாகவே இருந்தது.

எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கின்றது, எந்த ஊரார் இடம்பெயர்ந்தனர் என்பவற்றை அறிய வானொலியே வழி. லண்டனிலிருந்து தமிழோசையும் மணிலாவிலிருந்து வெரித்தாஸ் வானொலியும் செய்தி தந்தன. வீட்டிலே பெட்டி இருந்தது. அதற்கு உயிரூட்ட மின்கலம் இல்லை. தேய்ந்த மின்கலங்களை வெயிலில் வைத்துச் சில நிமிடம் கேட்டவர்களும் உண்டு. வெப்பம் உள்ளேயுள்ள இரசாயன மாற்றத்தை விரைவுபடுத்தும். ஆனால் தீர்ந்ததை மீட்டுத் தராது. அப்போதுதான் மக்களின் பார்வை துவிச்சக்கர வண்டியின் மேல் விழுந்தது.

டைனமோ என்பது யாது? கம்பிச் சுருளின் அருகே காந்தம் அசைந்தால் அக்கம்பியிலே மின்னோட்டம் பிறக்கும் என்பதை 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே கண்டறிந்தார். டயரோடு உராய்ந்து சுழலும் அந்தச் சிறு குடுவைக்குள் இருப்பவை காந்தமும் சுருளுமே. வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையாற் சுழற்றினால், முன்விளக்கை எரிக்க வேண்டிய மின்சாரம் வேறு பணிக்குக் கிடைக்கும். அதன் அளவு பெரும்பாலும் 6 வோல்ட், 3 வாட்.

ஆனால் ஓர் இடர்ப்பாடு உண்டு. டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம். வானொலி வேண்டுவதோ ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். இருவாயி எனப்படும் டயோட், மின்னை ஒரு பக்கமாகவே செல்லவிடும் வாயில் போன்றது. நான்கு இருவாயிகளைச் சதுரமாகக் கோத்தால் இருதிசை ஓட்டமும் ஒருதிசைப்படும். அதன்பின் ஒரு கொள்ளளவியை இணைத்தால், அது நீர்த்தொட்டி போல மின்னைத் தேக்கி ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும். அத்தொட்டி சிறிதாயின் ஒலிபெருக்கியில் உறுமல் கேட்கும். சுழற்றும் கை தளர்ந்தால் குரல் மங்கும். ஒலிநாடாப் பெட்டியாயின் பாட்டே இழுபடும். பழுதான பெட்டிகளிலிருந்து கழற்றிய உறுப்புகளே இதற்குப் போதுமானவை. ஒருவர் சுழற்ற, அயலவர் சூழ்ந்திருந்து செய்தி கேட்டனர்.

இன்று சிறுவர் கையிலே கைத்தொலைபேசி இருக்கின்றது. அதிலே விளையாட்டும் இருக்கின்றது. 1971ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட நுண்செயலியில் ஏறத்தாழ 2,300 திரான்சிற்றர்கள் இருந்தன. இன்றைய தொலைபேசியின் சில்லிலோ அவை நூறு கோடிக் கணக்கில் உள்ளன. மாயம் போலத் தோன்றினும், அதுவும் வேண்டுவது அதே நேரோட்டத்தைத்தான். அதன் மின்னேற்றிக்குள்ளும் இருவாயிகளும் கொள்ளளவிகளும் அதே தொழிலைச் செய்கின்றன. கணினியின் சாதாரண யூ.எஸ்.பி. துளை தருவது 5 வோல்ட், அரை அம்பியர். அதாவது இரண்டரை வாட். டைனமோவின் 3 வாட்டுக்கு அது ஏறக்குறைய இணை. வோல்ட் அளவை 5இல் நிறுத்திவைக்கும் சீராக்கி ஒன்றை இடையே வைத்தால், அன்று செய்தி கேட்பித்த அதே டைனமோ இன்று தொலைபேசிக்கும் மின்னூட்ட வல்லது.

மின்கலமின்றி வாழ நேர்ந்தது பெருமையன்று, அது பெருந்துயர். தடையை யாரும் ஆசானென்று போற்றார். ஆயினும், அத்துயரினூடே கைகள் கற்ற அறிவு அவற்றோடு மறைந்துவிடலாகாது. அன்று பெடல் சுழற்றியவர் பலர் இன்று நடுவயதினர். அவர்களைப் பாடசாலைக்கு அழைத்து, பழைய டைனமோ ஒன்று, நான்கு இருவாயிகள், ஒரு கொள்ளளவி, ஒரு சிறு வானொலி ஆகியவற்றை மாணவர் முன் வைத்தால் போதும். அதுவும் ஒரு விளையாட்டே. கை நின்றால் குரல் நிற்கும் என்பதே அதன் விதி. மின்சாரம் உழைப்பிலிருந்து பிறக்கின்றது என்பதை, எந்தப் பாடநூலும் சொல்வதற்கு முன், மாணவனின் தோளே அறிந்துகொள்ளும்.